தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர்

இ-சேவை மையத்துப் பையன்
வரைபடத்தில் எங்கள் காலனியைத் தொட்டான்,
பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தை.
நடுவில் ஒரு நீலக்கோடு ஓடிற்று.
"தொள்ளாயிரத்து நாப்பது மீட்டர்.
ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் கீதுக்கா,
இலவச சீட்டுக்குப் போடலாம்."

சிரித்துவிட்டேன்.
சின்ன வயதிலிருந்து காலால் அளந்தவள் நான்.
ஏரிக்கரை ஏறி, பம்புசெட் தாண்டி,
முள்வேலி ஓரம் ஒதுங்கி
குடியாத்தம் ரோட்டைப் பிடிக்க அரைமணி நேரம்.
எப்படித் தம்பி தொள்ளாயிரத்து நாற்பது?

திரையைத் திருப்பிக் காட்டினான்.
கோடு நேராகப் போயிருந்தது,
பிள்ளையார் கோயில் தெரு வழியாக.

பாவம், கம்ப்யூட்டருக்கு
யாரும் சொல்லித்தரவில்லை போல.

*

பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியில்
மேல்தோல் தைக்கிறேன்.
வெளிநாட்டுக்குப் போகிறது.
வாங்குகிறவர்கள் காலை நுழைத்துப் பார்ப்பார்களாம்,
நாலடி நடந்து பார்ப்பார்களாம்,
கடித்தால் கழற்றிவிட்டு வேறு கேட்பார்களாம்.
'உனக்கென்று ஒதுக்கியது இதுதான்,
இதையே போட்டுக்கொள்'
என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

எங்களிடம் சொன்னார்கள்.
"உங்களுக்குத்தான் காலனியிலயே ஸ்கூல் கீதே."

கீது.
நாங்கள் யாரென்று
பெயர்ப்பலகையிலேயே எழுதிவைத்த ஸ்கூல்.
ஐந்து வகுப்புக்கு ஒரு டீச்சர்.
மழை வந்தால் புத்தகமெல்லாம்
சத்துணவுக் கூடத்துக்குக் குடிபோகும்.
என் மூத்தவன் எழிலரசன் அங்கேதான் படித்தான்.
இன்றைக்கும் சம்பள நோட்டில்
'எளிலரசன்' என்று கையெழுத்துப் போடுகிறான்.

சகாயமேரி டீச்சர் கெட்டவர் இல்லை.
அவர்தான் கேட்டார்:
"எல்லாரும் அங்க போயிட்டா
இங்க மிச்சமிருக்கிற பிள்ளைங்க?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும்.
ஆனால் ஏழே காலுக்கு
டீச்சர் மகளை ஏற்றிக்கொண்டு
காட்பாடிக்கு வேன் போவதை
கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கையில் பார்த்திருக்கிறேன்.
குறையாகச் சொல்லவில்லை.
அந்த அம்மா செய்ததைத்தான்
நானும் செய்யப் பார்க்கிறேன்.

பதினொரு வீட்டில் பேசினேன்.
"ஃபீஸ் இல்லேம்பான், அப்பால
புக்கு, யூனிபாரம்னு துட்டு கேப்பான்"
என்றார் புளோரா வீட்டுக்காரர்.
(கேட்டார்கள், பிறகு.)
"இந்த ஸ்கூலையே சரி பண்ணச் சொல்லிப் போராடணும்"
என்றான் செங்குட்டுவன்.
போராடலாம், நானும் வருகிறேன்.
சரியாகும் வரைக்கும்
என் மகள் ஐந்து வயதிலேயே நிற்பாளா?

*

மே மாதம் குலுக்கல்.
பச்சை பிளாஸ்டிக் பக்கெட்டு.
எங்கள் பதினொன்றில் நாலு பேர் வந்தது.
புளோரா மகன் பெயர் வரவில்லை.
அவள் முகத்தைப் பார்க்காமலே
என் மகள் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.
உரிமை என்றுதான் பேனரில் எழுதியிருந்தார்கள்.
உரிமையை
பக்கெட்டுக்குள் கைவிட்டா எடுப்பார்கள்?

*

ஜூன் மாதம், முதல் நாள்.
"ஏரிக்கரைப் பக்கமே போயிடலாமே"
என்று தன்ராஜ் முணுமுணுத்தார்.
விண்ணப்பத்தில் தொள்ளாயிரத்து நாற்பது என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்,
பொய் சொன்னதாகிவிடக் கூடாதே என்றேன்.

தெருவுக்குள் திரும்பினோம்.
கோலம் போட்டுக்கொண்டிருந்த கை
புள்ளியிலேயே நின்றது.
ஒருத்தர் பேப்பரை மடித்தார்.
பைக் ஒன்று பின்னாலேயே
மெதுவாக உறுமிக்கொண்டு வந்தது, கடக்காமல்.

பாதித் தெருவில் சங்கமித்ரா நின்றுவிட்டாள்.
"ஷூ கடிக்குதும்மா."

இங்கேயா, இப்போதா என்று நினைத்தேன்.
பிறகு அந்தத் தெருவின் நடுவிலேயே
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
அவள் காலை என் மடியில் தூக்கி வைத்து
ஷூவைக் கழற்றினேன்.
குதிகாலில் தையல் முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது.
யாரோ அவசரத்தில் தைத்தது.
பல்லால் கடித்து நறுக்கினேன்.
மறுபடி போட்டுவிட்டு
"நடந்து பாரு" என்றேன்.

நாலடி நடந்து பார்த்தாள்.