தானாக அணையும் கருவி

புரொஜெக்டரைச் சுலக்சனாவின் முதுகுக்கு நேரே திருப்பினேன்.
சிட்னியின் வெப்ப வரைபடம்
அவள் தோளில் ஏறிக்கொண்டது.
கடலோரத்து நீலமெல்லாம்
வலது கையோடு போய்விட,
மவுண்ட் ட்ரூயிட் முழுக்க
மிளகாய்த்தூள் கொட்டுண்ட மாதிரி.

"என்ர வீடு எங்க?" திரும்பாமலே கேட்டாள்.
முள்ளந்தண்டுக்கு இடப்பக்கம், கொஞ்சம் கீழே, என்றேன்.
அந்த இடத்தை மட்டும் அசைத்தாள்.
ஒரு தெரு துடித்தது.

செலா தரையிலிருந்து எழும்பினாள்.
டோங்காவில் உப்பேறிப்போன மாமன் தோட்டத்தை
உள்ளங்காலால் உழுதாள்.
அவள் தாளம் எங்கள் ஜதிக்குள் அடங்கவில்லை;
அடவை மாற்றிக்கொண்டது சுலக்சனாதான்.

வெளியே நாற்பத்துநாலு பாகை.
இந்த மண்டபத்துக்கு ஏசி கேட்டு எழுதி
இரண்டு வருடம்.

பாதியில் படம் அறுந்தது.
கருவியில் சிவப்பு எழுத்து:
அதிக வெப்பம். தானாக அணைகிறது.

இருட்டில் முதலில் சிரித்தது அவள்.
கிடங்கில் பத்து மணிநேரம் பெட்டி தூக்குபவள்.
மயங்கி விழுந்த அன்று
கையிலிருந்த ஸ்கேனர் கேட்டதாம்,
நாலு நிமிடம் ஏன் அசையவில்லை என்று.
"இதுக்காவது விளங்குது," என்றாள்.

ஆறும்வரை நிறுத்துவோம் என்றேன்.
யாரும் நிறுத்தவில்லை.
வரைபடம் இல்லாத முதுகு.
பலகைத் தரையில் நாலு கால்.
மூச்சு எவளுடையது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மேடைக்கு
அந்த இருட்டை அப்படியே வைத்துக்கொண்டோம்.
என் குறிப்பேட்டில் இருக்கிறது:
இங்கே அணைக்கவும்.
திரும்ப எப்போது போடுவது என்று
அவள் இன்னும் சொல்லவில்லை.