பூட்டு திறப்பவனிடம்

மக்கா ஷாஜின், அந்த ஷட்டரைக் கொஞ்சம் தாழ்த்து.
சாரல் அடிக்குதுல்லா.
பாலத்துக்கு மேல லாரி போனா
ஒனக்க கண்ணாடிப் பெட்டி முழுக்க நடுங்குது, கேட்டியா.

இது எனக்க வீட்டுக்காரிக்க போன்.
கோடு போட்டுத் திறக்குத பூட்டு. மறந்துட்டாளாம்.
சந்தேகமா? சே.
சந்தேகப்படுதவனுக்க வீட்டை நீ பாத்திருக்கியா?
எங்க வீட்டுல ஏசி உண்டு.
அவளுக்குப் பிடிச்ச நெய்மீனை
நானே குளச்சல் போய் வாங்கிட்டு வருவேன்.
அவ எதுக்குச் சந்தைக்குப் போகணும்?

பிரபுஷா இரணியல்ல கணக்கு டீச்சர்.
இருந்தா.
நாலு பத்துக்கு மணி, நாலு இருபத்தெட்டுக்கு பஸ்.
அழகியமண்டபத்துல எறங்கினா ஒன்பது நிமிச நடை.
நான் நடந்து பாத்தேன்,
சேலைக்கு ரெண்டு நிமிசம் கூட்டிப் போட்டு.
ஒரு நாள் பதினேழு ஆச்சு.
செருப்பு வார் அறுந்துதுன்னா.
அறுந்துதான் இருந்தது.
ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தேன்.
அறுந்ததா, அறுத்ததான்னு
ரப்பர் ஷீட்டு வியாபாரிக்குத் தெரியாதா மக்கா?

பொறவு வேலை வேண்டாம்னு அவதான் சொன்னா.
நான் சொல்லச் சொன்னேன், அவ சொன்னா.

கேட்டுல பூட்டு போட்டது நாய்க்கு.
எங்க தெருவுல நாய் இல்லை.
வந்தா?

நேத்து அவ தூங்கும்போ வெரலைப் பிடிச்சு
இதுல வச்சு அமுக்கினேன். தொறக்கல்லை.
வெரல் பூட்டை எப்பம் எடுத்தாளோ.
இன்னொண்ணு சொல்லட்டா,
தூங்குதவளுக்க கை கனக்கும்.
அது கனக்கல்லை.

தொறந்துட்டியா? தா.
படம் இல்லை. மெசேஜ் இல்லை. ஒருத்தனுக்க பேரும் இல்லை.
இது என்னது, ஒலிப்பதிவு?
அறுபத்து மூணா? தேதி போட்டா?
போடு. நல்லா சத்தமா போடு.

பாத்தியா! ஆம்பிளைக் குரல்!
நாலு வருசமா சொல்லுதேன்லா, ஒருத்தனும் நம்பல்லை.
எவன்லே இவன்?
பைய, கொஞ்சுத மாதிரி பேசுதான்.
அவளுக்க மூச்சு கூட கேக்கல்லை.

'கையை விரி பிள்ளே. பேனா மை எப்படி வந்துது?
அழாத. அழுதா எனக்குப் பிடிக்காதுல்லா.
விரி.'

இது...

நிறுத்து.
மக்கா, அதை நிறுத்து.

ஷட்டரை எதுக்குத் தூக்குத?
மத்தியானமே எல்லாம் ஒரு நம்பருக்குப் போயிட்டுதுன்னு
ஒனக்கிட்ட நான் கேட்டேனா?
போனா என்ன. அவ எங்க போவா?
கேட்டு சாவி ரெண்டும், பாரு, இதோ,
எனக்க கையிலயாக்கும் இருக்கு.

என்ன பாக்குத?
கண்ணாடிப் பெட்டி மேல சாவி கிடந்து கிலுகிலுங்குது,
அவ்வளவுதான்.
மேல லாரி போகுது.

போகுதுல்லா?