பத்துக் கிலோவுக்குக் கீழே

வாரத்தில் ஆறு நாள்
அத்திப்பட்டு எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் வரும், சீட்டு கிழியும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும்
என் மேடை நம்பாது.
நான் ஏறி நின்றால் ஐம்பது என்கிறது.
காலையில் சாப்பிட்டேனா இல்லையா
அதற்கு ஒன்றுதான்.

ஞாயிறு, நீர் வற்றும் நேரம் பார்த்து
காட்டுக்குப்பத்திலிருந்து தேசப்பன் படகு.
கொசஸ்தலை கடலைத் தொடும் இடத்தில்
சாம்பல் படிந்த சேற்றுத் திட்டு.
அதன்மேல் வளைமூக்கு உள்ளான்கள்,
தையல் மெஷின் ஊசி மாதிரி
குத்திக்கொண்டே நகர்கின்றன.
முதலில் பத்தை எண்ணி
அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணில் பிடித்து
கூட்டத்தின்மேல் வைத்து வைத்துப் போக வேண்டும்.
நடுவில் யாராவது பேசினால்
மறுபடி முதலிலிருந்து.
தேசப்பன் பேசுவார்.

ஒன்பது பனிக்காலம், ஏழு நோட்டு.
ஓரத்தில் மளிகைக் கணக்கு,
ஒரு பக்கத்தில்
'இன்று எண்ண முடியவில்லை, கண் கலங்கல்.'
சந்தேகமான எண்களெல்லாம் பென்சிலில்.
இதை யாரிடம் காட்டுவது?

போன ஆனியில்
திருவொற்றியூர் கல்யாண மண்டபத்தில் கூட்டம்.
கழிமுகத்தைத் தூர் வாரப் போகிறார்களாம்.
தலையணை கனத்துக்கு அறிக்கை,
நூற்றுப் பதினாலாம் பக்கத்தில் ஒரு வரி:
வலசைப் பறவைகள் குறிப்பிடும்படி இல்லை.
கணக்கெடுத்த தேதி பார்த்தேன்.
மே பதினெட்டு, பத்தொன்பது.
பொய் என்று சொல்ல முடியாது.
கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் போய்
ஊரில் பிள்ளைகளே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

அன்று இரவே நோட்டுகளை இறக்கினேன்.
தேசப்பன் தலையாட்டவில்லை.
"நீ குருவின்னு எழுதுவ.
அவன் வலைய எடுன்னு எழுதுவான்.
எம் பாடு எந்தக் கட்டத்துல வரும்?"

பாடு.
வலை போடும் முறைக்கும் அதுதான் சொல்,
படுவதற்கும் அதுதான்.
பதில் தெரியாமல் பக்கம் புரட்டினேன்.
ஒவ்வொரு ஞாயிறும், எதற்கென்று யோசிக்காமல்
நானே எழுதி வைத்திருந்தது:
கூட்டம் எழுந்தது, பருந்து.
கூட்டம் எழுந்தது, நாய் இரண்டு.
கூட்டம் எழுந்தது, ஜேசிபி.
இறால் தடவும் பெண்கள் பதினொருவர், வலை நாலு,
கூட்டம் எழவில்லை.
எழவில்லை.
எழவில்லை.
அவருக்கு வாசித்துக் காட்டினேன்.
பீடியைப் பற்ற வைக்க மறந்து
"அதயும் சேத்து அனுப்பு" என்றார்.

எர்ணாவூர் எஸ்தர் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்,
இருபத்திரண்டு ராத்திரி.
"இந்தப் பூஜ்யமெல்லாம் காலியா விட்டுரலாமாக்கா?"
கூடாது.
போகாத நாள்தான் காலி.
போயும் ஒன்றும் இல்லாத நாள் பூஜ்யம்.

ஒரு வரியில் காலில் கொடி கட்டிய உள்ளான்.
சேறு அப்பிய நம்பர் பிளேட்டை
வருஷக்கணக்காக வாசித்த கண்,
மூன்று எழுத்தும் தப்பவில்லை.
கோடியக்கரையில் அதற்கு வளையம் போட்டவர்
பதில் அனுப்பியிருந்தார்:
பிடித்த நாள், இறக்கை நீளம்,
எடை ஐம்பத்தேழு கிராம்.
மேடையில் உட்கார்ந்து வாசித்தேன்.
நாற்பது டன் நிலக்கரி ஹாரன் அடித்தது.

கார்த்திகையில் முடிவு வந்தது.
திட்டம் நிற்கவில்லை.
ஐப்பசி முதல் பங்குனி வரை
அந்தத் திட்டில் இயந்திரம் இறங்கக் கூடாது
என்று நிபந்தனைகளில் பதினாறாவது,
யார் பெயரும் இல்லாமல்.
வலையைப் பற்றி ஒன்றும் இல்லை.
இல்லாததை இரண்டு முறை வாசித்தோம்.

இந்த ஞாயிறு தூறல்.
முந்நூற்று முப்பதில் இருந்தேன்.
"அந்தாண்ட நாப்பத்தாறு" என்றார் தேசப்பன்.
"நான் எண்ணிட்டேன், எழுதிக்கோ."

எனக்கு எண்ணிக்கை போனது.
அவருடையதை எழுதினேன்,
பென்சிலில்.