பூச்சியம்

மீட்டர் பெட்டியை நேராகப் போய்த் திறந்துவிடக் கூடாது.
முதலில் குடைக்காம்பால் இரண்டு தட்டு.
பிறகு காது.
உள்ளே ரீங்காரம் கேட்டால்
அது மின்சாரமா, மற்றதா என்று பிரிக்க
நாலு வருஷம் பிடித்தது எனக்கு.

புதுப்பாளையம், வண்ணாரப்பாளையம்,
கெடிலக் கரையோரம் முட்டுச்சந்துகள்,
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
அதே பெட்டிகள், அதே துரு.
கதவு எண் மனதில் நிற்பதில்லை. பூச்சி நிற்கும்.
செங்குளவி வீடு.
தேள் விழுந்த வீடு.
ஃப்யூஸ் கட்டைக்குக் கட்டெறும்பு பட்டா வாங்கிய
லைன் வீடு.
புயலில் தென்னை போனபின்
மூன்றாம் மாடி சன்ஷேடில் மலைத்தேனீ தொங்குகிற அடுக்ககம்;
அங்கே தட்டுவதுகூடக் கிடையாது,
மூச்சை அடக்கிக்கொண்டு படிப்பேன்.

பையில் பேனா, டார்ச்,
பல்பொடி டப்பாவில் சுண்ணாம்பு.
வெற்றிலை போடுவீங்களா என்று
கேட்காத வீடில்லை.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள்.
பதினோரு முறை ஆயிற்று.
பதவி உயர்வு வரவில்லை.

தேசிங்கு மளிகையின் பின்வாசலில்
கட்டைவிரலில் வாங்கினேன் ஒருநாள்.
விரல் கத்திரிக்காயாகிவிட்டது.
அந்தக் கையால் அட்டையில் எழுதிய ஏழு
ஒன்றாகத் தெரிந்தது.
அறுநூறு யூனிட் அவருக்கு லாபம்.
அடுத்த தவணையில் லாபம் திரும்பிப் போனபோது
குளவியை ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர்.

எதிர் மாடி பூட்டிக் கிடக்கிறது.
பயன்பாடு: பூச்சியம்.
எழுதும்போதெல்லாம் சிரிப்பு வரும்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கிறது,
பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதைப் போலவே,
வாடகை இல்லாமல்.

முதுநகர் போகிற வழியில் அஞ்சலாட்சி வீடு.
உப்புக்காற்று தின்ற பெட்டி.
திறந்தால் கண்ணாடி முழுக்க மண்,
குழல் குழலாக, விரல் தடிமனில்.
ஒரு எண் தெரியவில்லை.
சுரண்டக் குச்சியை எடுத்தேன்.

கையில் மீன் செதிலோடு ஓடி வந்தாள்.
"தொடாதீங்கக்கா. கொளவி மண்ணு கட்னா..."
அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.
மீதி ஊருக்கே தெரியும்.
அந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்பது.
ஒன்பது வருஷமாம்.
கேட்காமலே சொன்னாள்.

மீட்டர் பழுது என்று எழுதினால் ஆள் வருவான்,
மீட்டரையே கழற்றுவான், கூட்டோடு.
நான் போன தவணையைப் பார்த்தேன்.
நூற்று நாற்பது இருக்கும் என்று
நானாக ஒரு எண் போட்டேன்.
சர்வீஸில் சேர்ந்து முதல் பொய்.

அந்த மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று தெரியும் எனக்கு:
சாகாமல் மயங்கிக் கிடக்கும் சிலந்திகள்,
அவற்றைத் தின்று பெருக்கும் ஒன்று.
அவளிடம் சொல்லவில்லை.
தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன்,
சொம்பில் மீன் வாடை.

அடுத்த முறை போனபோது ஐப்பசி மழை விட்டிருந்தது.
இரண்டு தட்டு. சத்தமில்லை.
மண்ணில் ஐந்து ஓட்டைகள்,
கம்பியால் குத்தினாற்போல் வட்டமாக.
எல்லாம் பறந்தாயிற்று.

கண்ணாடியின் நடுவில் மட்டும்
ஈரத்துணியால் யாரோ தேய்த்திருந்தார்கள்,
எண்கள் தெரிகிற அகலத்துக்கு, ஒரு நூல்கூட அதிகமில்லை.
சுற்றிலும் மண் அப்படியே.

வாசல்படியில் நின்று
"சரியா இருக்காக்கா?" என்றாள்.
எதைக் கேட்கிறாள் என்று பார்க்க
முகத்தைப் பார்த்தேன். முந்தானையை வயிற்றின் மேல்
இழுத்துச் செருகியிருந்தாள், எல்லோரும் செருகுவதுபோலத்தான்.
"பதினேழு யூனிட் கூட வருது."
"சேத்துக்குங்க."

சாத்தப் போனேன்.
முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்று,
வாயில் ஈர மண்ணுருண்டையோடு,
அந்தரத்தில் நின்றபடி
நான் நகரக் காத்திருந்தது.