நாற்பத்து மூன்றாம் பக்கம்

முந்நூறு பிரதி அச்சடித்தேன்.
இருநூற்று எண்பது இன்னும் காரின் பின்னால்,
குடைக்கும் உபரி டயருக்கும் நடுவே.

மின்னூலோ புலனத்தில் ஏறி
பகாவ் தாண்டி ஜொகூருக்கே போய்விட்டது,
இனாமாக.

செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கார அஞ்சப்பன்
எடைப்பாலத்தில் வரிசை நகர நகரப் படித்தாராம்.
ஒட்டுக்கடையில் பிடித்துக்கொண்டார்:
"நாப்பத்து மூணாம் பக்கம்.
வெள்ளத்தில போனது மேட்டு லயம் இல்லம்மா,
ஆத்தோர லயம்."

அன்றிரவே மின்னூலைத் திருத்தினேன்.
தப்பு இருந்த தடமே இல்லை.

மறுநாள் இருபது வெள்ளி நீட்டினார்.
அச்சில் இருப்பது பழைய தப்புதான் என்றேன்.
"அதான் வேணும்."

மேசையின் தேநீர் ஈரத்தை முழங்கையால் துடைத்து
புத்தகத்தை விரித்தார்.
என் வரியை ஒரே கோடாய் அடித்து
ஓரத்தில் எழுதினார்.
கீழே, எடைச்சீட்டில் போடுவதுபோல்,
தேதி, கையெழுத்து.