சத்தம் முன்னால் போய்விட்டது

சங்கத்தின் ஒரே கணினி என் மேசையில் இருக்கிறது.
சந்தாக் கணக்கு, ஸ்கீ மெழுகு ரசீது,
குன்றில் பனி தெளிக்கும் பீரங்கியின் மின்கட்டணம்,
இவற்றுக்காகத் தொண்ணூற்றேழில் வாங்கியது.
ஆறு வருடமாக யாரும் அதைப் படம் காட்டச் சொன்னதில்லை.

பிப்ரவரியில் பொலோனா ஊன்றுகோலோடு வந்தாள்.
கையுறைக்குள் ஒரு குறுந்தட்டு.
வில்லாக் போட்டியில் அவள் விழுந்ததை
எதிர்க்குழுப் பெண் ஒருத்தியின் அப்பா
வேலியோரம் நின்று பிடித்திருக்கிறார்.
உறைமேல் ஜெர்மனில் ஒரே வரி: சீக்கிரம் எழுந்து வா.
"பார்க்கணும், ஸ்லாவிட்சா" என்றாள்.

போட்டேன்.
ஒரு கறுப்புச் சதுரம். அதற்குள் காற்று.
தடத்தில் ஸ்கீக்கள் தடதடக்கும் ஓசை.
ஒரு கூட்டம் மூச்சை இழுத்துப் பிடிக்கிறது.
பிறகு என்னவோ.
கோடெக் இல்லை என்றது திரை,
வீட்டில் உப்பு இல்லை என்பதுபோல.

கிளெமனுக்குப் போன் போட்டேன்.
படத்தை மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள்,
முடிச்சவிழ்க்கத் தெரிந்தவன் உங்கள் பெட்டிக்குள் இல்லை, என்றான்.
தெரிந்தவனை ஒரு பிளாப்பியில் அடைத்து
பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினான்.
எழுநூறு கிலோபைட்
சாவின்யா ஆற்றோரமாக வளைந்து வளைந்து
இரண்டரை மணிக்கு வந்து இறங்கியது.

சம்மதம். அடுத்து. சம்மதம்.
படிக்காமல் கையெழுத்திடக் கூடாது என்று
இருபது வருடமாக மற்றவர்களைத் திட்டுகிறவள் நான்.
'சட்டவிரோதச் செயல்' என்றது நிரல்,
என்னையா, தன்னையா, தெரியவில்லை.
அணைத்து மறுபடி தொடங்கினேன்.
வால்நட் உடைப்பதுபோல் உள்ளே கடகடவென்றது.

படம் வந்தது. தலைகீழாக.
பைன் மரங்கள் மேலிருந்து தொங்கின.
பொலோனா ஒரு கூரையின் அடிப்பக்கம் சறுக்கி வந்து
கீழே கிடந்த சாம்பல் ஆகாயத்துக்குள் தாவினாள்.
நேராகப் பார்க்க நாற்காலியில் தலையைத் தொங்கவிட்டாள்;
கட்டுப்போட்ட கால் விடவில்லை.
இருவரும் சிரித்தோம், அவள் கொஞ்சம் கூடுதலாக.

அமைப்புகளுக்குள் ஒரு பொடிக் கட்டம்: கவிழ்.
தட்டினேன். மலை மலையானது.

ஆனால் கிழட்டுச் செயலிக்கு மூச்சு வாங்கியது.
நிறங்களைக் குறைத்தேன்.
சாளரத்தைத் தீப்பெட்டி அளவாக்கினேன்.
தரத்தை அடிமட்டத்துக்கு இழுத்தேன்.
வைரஸ் காவலாளியை வீட்டுக்கு அனுப்பினேன்.
அப்படியும் எட்டுச் சட்டகத்துக்கு ஒன்றைத்தான் வரைந்தது,
மற்ற ஏழையும் விழுங்கிவிட்டது.
சத்தத்துக்கு அந்தப் பாடு இல்லை.
அது தன்போக்கில் முன்னே ஓடியது.

ஒரு முறிவு கேட்டது. யாரோ கர்த்தரைக் கூப்பிட்டார்.
விசில். ஓடும் பூட்ஸுகள்.
திரையில் அவள் அப்போதுதான் மேட்டைத் தாண்டுகிறாள்,
கைகள் விலாவோரம், முகம் ஸ்கீ நுனிகளுக்கு நடுவில்.
காதுக்கு விழுந்து முடித்தவள்
கண்ணுக்கு இன்னும் பறந்துகொண்டிருந்தாள்.
பதினொரு நொடி. ரசீதின் பின்புறம் குறித்து வைத்தேன்,
ஏன் என்று கேட்காதீர்கள்.

ஒலியை மூடப் போனேன். "வேண்டாம்" என்றாள்.
"இன்னொரு தடவை."

ஒவ்வொரு தடவையும் அது வேறு ஏழை விழுங்கியது.
விட்டுப்போனது ஒன்று அடுத்த சுற்றில் வரும்,
வந்தது காணாமல் போகும்.
ஒன்பது தடவை ஓட்டி, துண்டு துண்டாகப் பொறுக்கி,
என் பேரேட்டுத் தாளில் குச்சிக் குச்சியாக வரைந்தாள்.
பென்சில் ஓரிடத்தில் நின்றது.
"ஸ்ரெச்கோ சொன்னது தப்பு.
தாவல் பிந்தவில்லை. இதோ பார், இடது ஸ்கீ.
இங்கேயே சாய்ந்துவிட்டது."
தீப்பெட்டிக்குள் எனக்கு ஒரு சாம்பல் கோடுதான் தெரிந்தது.
ஆமாம் என்றேன்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஐந்து மணிப் பேருந்தில் போனாள்.
குறுந்தட்டை விட்டுவிட்டாள்; கேட்கவும் இல்லை.

மறுநாள் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை.
அவிழ்க்க வந்தவன் எதையோ மிதித்திருக்கிறான்.
இந்தப் பருவத்தில் மெழுகுக்கு எத்தனை தோலார் போனது
என்று தலைவர் கேட்கிறார்.
தேடிக்கொண்டிருக்கிறேன்.