சாம்பலில் ஒரு பொத்தான்

பத்தொன்பது வருடமாகப் பொத்தான் வரைகிறேன்.
பெல்லந்தூரில் பதினொன்றாம் மாடி,
ஏரி நுரைக்கிற நாட்களில்
சன்னலைத் திறப்பதில்லை.

எங்கள் வாஷிங் மெஷினில் பதினாறு வகைச் சலவை.
எப்படிப் பதினாறானது என்று எனக்குத் தெரியும்.
மீட்டிங்கில் ஒருவர் கேட்டிருப்பார்,
மற்றவர்களுக்குப் பசித்திருக்கும்.
நான் மூன்றாவதற்கு மட்டும் திருகுகிறேன்.
துவைத்து முடித்ததும் அது
நாற்பது விநாடி பாடுகிறது.
நாலு சட்டைக்கு இத்தனை பெருமையா?
நான் ஒரு தளத்தை முடித்துக் கொடுத்தால்
"லோகோ இன்னும் கொஞ்சம் பெரிசா" என்பார்கள்.

மைக்ரோவேவில் பாப்கார்னுக்குத் தனிப் பொத்தான்.
நேற்றைய சாம்பாருக்கு இல்லை.

தொடுதிரை அடுப்பு வாங்காதே என்று
தங்கை ரேணுகாவிடம் சொன்னேன், வாங்கிவிட்டாள்.
மாவுக் கையை அதற்குத் தெரியாது,
ஈரக் கையைத் தெரியாது.
சமையலறையில் காய்ந்த விரல்
சமைக்காதவர்களிடம்தான் இருக்கும்.
அவர்களிடம்தான் அந்த அடுப்பைச்
சோதித்துப் பார்த்திருப்பார்கள்.

கூடத்தில் பேசும் பெட்டி ஒன்று.
விளக்கை அணைக்கச் சொல்லி
என்னுடையதல்லாத ஒரு குரலில்
மூன்று முறை கெஞ்ச வேண்டும்.
சுவிட்ச் ஒருநாளும் என்னிடம்
"மன்னிக்கவும், புரியவில்லை" என்றதில்லை.

இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்வேன்,
கேட்காவிட்டாலும்.
என் கணவர் தேவநேசன்
டீவி ரிமோட்டை எடுத்தாலே
ஹெட்போனையும் மாட்டிக்கொள்கிறார்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு
வாசலில் தண்ணீர் லாரி.
ஆரன் பதினொன்றாம் மாடிவரை ஏறி வந்தது.
செயலியில் யாராவது அனுமதித்தால்தான் உள்ளே விடலாம்.
செயலாளரின் போன் அணைந்திருக்கிறது,
என்னுடையது தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது,
முப்பத்துநாலு சதவீதம், முப்பத்துநாலு,
முப்பத்துநாலு.
லிஃப்டில் இறங்கி ஓடினேன்.

காவலர் ஜுகல், ஒடிசாக்காரர்,
தொப்பியைக் கழற்றித்
திரைக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தார்.
லாரியின் பின்குழாயிலிருந்து
சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது
எங்கள் மதியம்.

"தவிர்க்க" என்றொரு வழி
அடியில் இருக்கிறது. எனக்குத் தெரியும்.
காவலர்கள் தவறி அழுத்திவிடக் கூடாதென்று
கம்பெனி சொன்னது.
எழுத்தைப் பதினொரு பிக்சலாக்கி,
வெளிர்சாம்பலின் மேல் இன்னொரு சாம்பலை வைத்து,
குளிரூட்டிய அறையில், திரைச்சீலை இழுத்து,
மூன்று லட்ச ரூபாய் மானிட்டரில்
ஒப்புதல் வாங்கினேன்.
கைதட்டினார்கள்.

அதை வெயிலில் பார்ப்பது
இதுதான் முதல் தடவை.
ஒன்றும் தெரியவில்லை.
நான் வரைந்தது, இருக்கும் இடம் தெரியும்,
இருந்தும் தடவித்தான் அழுத்தினேன்.
தடைக்கம்பு எழுந்தபோது
லாரி அடுத்த குடியிருப்புக்குத் திரும்பிவிட்டிருந்தது.

"யார் மேடம் இதைச் செஞ்சது?" என்றார் ஜுகல்,
கோபமில்லாமல்,
தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே.

தெரியலையே, என்றேன்.
இந்தியில் அது
இன்னும் சுருக்கமாகச் சொல்ல வருகிறது.

இரவு தண்ணீர் இல்லை.
பாத்திரங்கள் சிங்க்கில் அப்படியே.
வாஷிங் மெஷின் ஏதோ ஓர் எண்ணைக் காட்டி
மூச்சுவிடாமல் நின்றது; பாடவில்லை.
அந்தக் கம்பெனியை விட்டு இரண்டு வருடமாகிறது.
பழைய சக ஊழியர் ஷம்ஷாத்துக்கு எழுதினேன்:
அந்த எழுத்தைக் கறுப்பாக்கு, பெரிதாக்கு, முடிந்தால் நாளைக்கே.
ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று
அதை வரைந்தவர்களுக்கே தெரியாது.

புழுக்கம்.
சுவரில் ஃபேன் ரெகுலேட்டர், ஒன்று முதல் ஐந்து.
நாலுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் கிடையாது,
இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.
அந்தப் பொய் யார் வீட்டுத் தண்ணீரையும்
திருப்பி அனுப்பியதில்லை.
எழுந்து போய்
இருட்டில், பார்க்காமலே,
ஐந்தில் வைத்தேன்.